பதினான்கு சர்வர், ஒரு ஆன்சிபிள்: மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

"ஒரு தடவை ஏறுதுங்க, அடுத்த தடவை ஏற மாட்டேங்குதுங்க. என்னன்னு பாருங்க மேடம்."

2022 கடைசியில் பல்லடம் பக்கத்து மில் ஒன்றிலிருந்து வந்த போன் இது. தினமும் நூல் இருப்பை எக்ஸெல் ஃபைலாக எங்கள் மென்பொருளில் ஏற்றுவார்கள். அன்று அதே ஃபைல், அதே கம்ப்யூட்டர், ஆனால் ஒருமுறை ஏறுகிறது, மறுமுறை 413 என்று பிழை வருகிறது. அரை நாள் தேடியபின் கிடைத்தது காரணம். வரும் வேலையைப் பிரித்துக்கொடுக்க எங்களிடம் என்ஜின்எக்ஸ் ஓடும் சர்வர் இரண்டு உண்டு. ஏற்றும் ஃபைலின் அளவுக்கு என்ஜின்எக்ஸ் தானாக வைத்திருக்கும் உச்சவரம்பு 1 எம்பி. ஒரு சர்வரில் அதை 20 எம்பி ஆக்கியிருந்தேன். இன்னொன்றில் ஆக்கவில்லை. எந்த சர்வர் கையில் ஃபைல் போய்ச் சேர்கிறதோ, அதைப் பொறுத்தது மில்காரரின் அதிர்ஷ்டம்.

ஒரு சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தால், பல சர்வர்களையும் அப்படியே அமைத்துத் தரும் கருவி ஆன்சிபிள். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த போன்தான். இப்படிப்பட்ட பிழைதான் என்னை அதனிடம் கொண்டுபோய் விட்டது.

நான் கோவை பீளமேட்டில் ஒரு சின்ன நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஸ்பின்னிங் மில்களுக்கான கணக்கு, இருப்பு மென்பொருள் எங்களுடையது. மொத்தம் பதினான்கு சர்வர்: முன்னால் இரண்டு என்ஜின்எக்ஸ், மென்பொருள் ஓடுவது ஏழு, டேட்டாபேஸ் மூன்று, பேக்கப்புக்கு ஒன்று, கண்காணிப்புக்கு ஒன்று. எனக்கு முன்பு இருந்தவர் எல்லா கமாண்டையும் 200 பக்க நோட்டு ஒன்றில் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். புது சர்வர் வந்தால் அந்த நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக அடிப்போம். நல்ல நோட்டுதான். ஆனால் நோட்டில் எழுதியிருப்பதும் சர்வரில் உண்மையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க எந்த வழியும் கிடையாது.

எங்கள் சர்வர்களில் இருந்த இயங்குதளம் உபுண்டு 18.04. அதற்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிகிறது என்பது தலைக்குமேல் நின்றது. பதினான்கையும் 22.04-க்குக் கொண்டுபோக வேண்டும். பழையதை அப்படியே மேம்படுத்தாமல் ஒவ்வொன்றையும் புதிதாகக் கட்டுவது என்று முடிவு செய்தோம். நோட்டை வைத்துப் பதினான்கு முறை கையால் கட்டினால், 413 போல இன்னும் எத்தனை ஒளிந்துகொள்ளும் என்று யோசித்தபோது தூக்கம் வரவில்லை.

மைக்கேல் டிஹான் 2012-ல் வெளியிட்ட திறமூலக் கருவி ஆன்சிபிள். 2015-ல் ரெட் ஹேட் அதை வாங்கியது. 2019-ல் ரெட் ஹேட்டையே ஐபிஎம் வாங்கியது. நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் ஒரு நொடிகூடத் தாமதமில்லாமல் பேசும் கருவிக்கு அறிவியல் புனைகதைக்காரர்கள் வைத்த பெயர்தான் ஆன்சிபிள். நம் வேலைக்குப் பொருத்தமான பெயர் என்றே எனக்குத் தோன்றும்.

இதில் என்னை முதலில் கவர்ந்தது, எந்த சர்வரிலும் எதையும் நிறுவச் சொல்லாததுதான். தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய ஏற்கெனவே இருக்கும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போகும், அங்கே இருக்கும் பைத்தான் நிரல்மொழியைக் கொண்டு வேலையை முடிக்கும், வெளியே வந்துவிடும். என் லேப்டாப்பில் மட்டும் ஆன்சிபிள் இருந்தால் போதும். இதற்கு முன் இதே வேலைக்கான பப்பெட் என்ற கருவியை இரண்டு வாரம் முயன்று பார்த்தேன். அதில் ஒவ்வொரு சர்வரிலும் ஒரு ஏஜென்ட் உட்கார்ந்திருக்கும். அரை மணிக்கு ஒருமுறை தலைமை சர்வரைக் கேட்டு, தன் இயந்திரம் விலகியிருந்தால் சரிசெய்யும். நூற்றுக்கணக்கில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய பலம். பதினான்கு வைத்திருக்கும் எனக்கு, சான்றிதழும் தலைமை சர்வருமாகப் பதினைந்தாவது ஒன்றைப் பராமரிக்கும் வேலை கூடியது. விட்டுவிட்டேன்.

2023 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கருவியின் மதிப்பு எனக்கு விளங்கியது அன்றுதான்.

முதலில் இன்வென்டரி எழுதினேன். எந்தெந்த சர்வர், எந்தக் குழு என்ற பட்டியல், அவ்வளவுதான். ஒவ்வொரு வகை வேலைக்கும் ஆன்சிபிளில் இருக்கும் சிறு நிரலுக்கு மாட்யூல் என்று பெயர். பிறகு 'பிங்' மாட்யூலை ஓட்டினேன். பெயரைப் பார்த்து நெட்வொர்க் பிங் என்று நினைத்துவிட வேண்டாம். எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே போக முடிகிறதா, பைத்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு 'பாங்' என்று பதில் சொல்லும். பதினான்கும் பாங் சொன்னது.

அடுத்து, முதல் என்ஜின்எக்ஸ் சர்வரில் இருந்த அமைப்புக் கோப்பையே எடுத்து டெம்ப்ளேட்டாக வைத்துக்கொண்டேன். செய்ய வேண்டியதை எழுதிவைக்கும் கோப்புக்குப் பிளேபுக் என்று பெயர், அதில் உள்ள ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க். நான் எழுதியது ஒரே ஒரு டாஸ்க்: இந்த டெம்ப்ளேட் இந்த இடத்தில் இருக்க வேண்டும், உரிமையாளர் ரூட், மாறினால் என்ஜின்எக்ஸை ரீலோட் செய். எட்டோ ஒன்பதோ வரி. அதை 'செக்', 'டிஃப்' என்ற இரண்டு ஆப்ஷனோடு ஓட்டினேன். செக் என்றால் எதையும் மாற்றாதே, மாற்றினால் என்ன ஆகும் என்று மட்டும் சொல். டிஃப் என்றால் வித்தியாசத்தை வரி வரியாகக் காட்டு.

413 சிக்கலை அதற்குள் கையால் சரிசெய்திருந்தேன். இரண்டு சர்வரும் இப்போது ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். முதல் சர்வருக்குப் பச்சையில் 'ஓகே' வந்தது. இரண்டாவதற்கு மஞ்சளில் 'சேஞ்ச்டு'. அதன் மேலே பிளஸ் குறி போட்டு இரண்டு வரி. ஒன்று கோப்புச் சுருக்கம் பற்றியது, பெரிய விஷயமில்லை. இன்னொன்று, பின்னால் இருக்கும் மென்பொருளின் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது. முதல் சர்வரில் 300 விநாடி. இரண்டாவதில் அந்த வரியே இல்லை. இல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ் காத்திருப்பது 60 விநாடி.

மாதக் கடைசியில் ஸ்டாக் ரிப்போர்ட் எடுக்கும்போது "பாதியில நின்னுடுது" என்று பல மாதமாகச் சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் டேட்டாபேஸைச் சந்தேகித்தோம், குவெரியைத் திருத்தினோம், இண்டெக்ஸ் போட்டோம். காரணம் அங்கே, மஞ்சள் எழுத்துக்கு மேலே, ஒற்றை வரியாக இருந்தது. நான் அதைத் தேடவே இல்லை. அதுவாகக் காட்டியது.

செக் ஆப்ஷனை எடுத்துவிட்டு நிஜமாகவே ஓட்டினேன். பிறகு மறுபடியும் ஒருமுறை ஓட்டினேன். கடைசியில் வரும் தொகுப்பில் இரண்டு சர்வருக்கும் 'சேஞ்ச்டு' பூஜ்யம். பக்கத்தில் இருந்த தம்பி, அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தவன், கேட்டான்: "ஏனுங்க அக்கா, இத எத்தன தடவ ஓட்டுனாலும் ஒண்ணும் ஆகாதுங்களா?"

அந்தக் கேள்விதான் இந்தக் கருவியின் சாரம். கமாண்டுகளை வரிசையாக எழுதி ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்டில் 'இந்தக் கோப்பின் கடைசியில் இந்த வரியைச் சேர்' என்று எழுதி மூன்று முறை ஓட்டினால், மூன்று வரி சேரும். ஆன்சிபிளில் 'இந்த வரி இருக்க வேண்டும்' என்றுதான் எழுதுகிறோம். இருந்தால் தொடாது, இல்லாவிட்டால் சேர்க்கும். ஒன்றும் மாறவில்லை என்று அது பூஜ்யம் காட்டும்போது, எழுதி வைத்திருப்பதும் சர்வரில் இருப்பதும் ஒன்று என்பதற்கு அத்தாட்சி கிடைக்கிறது. நோட்டு எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் தர முடியாதது இந்தப் பூஜ்யம்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் குணம் ஆன்சிபிளோடு வரும் நல்ல மாட்யூல்களுக்கு உண்டு. 'ஷெல்', 'கமாண்ட்' மாட்யூல்களுக்குத் தானாக வராது. பழைய கமாண்டுகளை அப்படியே 'ஷெல்' டாஸ்க்காக ஒட்டிவைத்தால், ஒவ்வொரு முறையும் மஞ்சள்தான். அது உண்மையான மாற்றமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் செய்வது இது, நானும் செய்தேன். இன்ன கோப்பு இருந்தால் ஓட்டாதே, இன்ன பதில் வந்தால்தான் மாறியதாகக் கணக்கு என்று சொல்லிவைக்க வழி இருக்கிறது. அதை எழுதாமல் ஷெல் டாஸ்க்கை விடக் கூடாது என்பது இப்போது எங்கள் அலுவலகத்தில் சட்டம்.

ஏப்ரல் முடிவதற்குள் பதினான்கு சர்வரும் 22.04-ல் நின்றன. மென்பொருள் ஓடும் ஏழில், முதல் ஆப் சர்வருக்குப் பிளேபுக் எழுத ஒன்பது நாள் ஆனது. மற்ற ஆறும் ஒரே பிற்பகலில் முடிந்தன.

டிப்ளாய்மென்ட்டுக்கு, அதாவது புது வெர்ஷன் போடும் வேலைக்கு, வருகிறேன். மில்கள் மூன்று ஷிஃப்ட் ஓடும். ராத்திரி 11 மணிக்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்று மற்ற ஊர் மென்பொருள்காரர்கள் நினைக்கலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. மூன்றாவது ஷிஃப்ட் எடை போட்டுக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் புது வெர்ஷன் போடும்போது பத்து நிமிடம் நிற்கும் என்று ஒவ்வொரு மில்லுக்கும் முன்கூட்டியே சொல்லி, ஞாயிறு ராத்திரி உட்கார்ந்து போடுவோம். என் மகளுக்கு ஞாயிறு ராத்திரி என்றால் அம்மா லேப்டாப்போடு இருப்பாள் என்று பழகிப்போயிருந்தது.

ஆன்சிபிளில் 'சீரியல்' என்று ஒரு வரி இருக்கிறது. அதில் 1 என்று போட்டால் ஏழு சர்வரையும் ஒரே நேரத்தில் தொடாமல் ஒன்று முடிந்தபிறகு அடுத்தது என்று போகும். எங்கள் பிளேபுக் முதலில் என்ஜின்எக்ஸிடம் போய், இந்த சர்வருக்கு வேலை அனுப்பாதே என்கிறது. பிறகு புது வெர்ஷனைத் தனி ஃபோல்டரில் இறக்கி, 'கரண்ட்' என்ற இணைப்பைப் புது ஃபோல்டருக்குத் திருப்பி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்கிறது. அதன்பின் ஒரு சோதனைப் பக்கத்தைக் கூப்பிட்டு 200 (எல்லாம் சரி) என்று பதில் வரும்வரை காத்திருக்கிறது. வந்தால்தான் அந்த சர்வர் மறுபடி வரிசைக்குள். வராவிட்டால் பிளேபுக் அங்கேயே நின்றுவிடும். முதல் சர்வரிலேயே அப்படி நின்றால், மற்ற ஆறும் பழைய வெர்ஷனோடு வேலை செய்துகொண்டிருக்கும். ஏழும் முடிய ஏறக்குறைய 12 நிமிடம். இப்போது வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் காலை 11 மணிக்குப் போடுகிறோம். மில்லில் யாருக்கும் தெரிவதில்லை.

இனி குறைகள். பயன்படுத்தப் போகிறவர்கள் இவற்றைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

என்னை அதிகம் கஷ்டப்படுத்தியது ஹேண்ட்லர். கோப்பு மாறினால் மட்டும் சர்வீஸை ரீலோட் செய்யும் அமைப்பு அது. அருமையான யோசனை. ஆனால் ஹேண்ட்லர் உடனே ஓடாது, பிளே (பிளேபுக்கில் உள்ள டாஸ்க்குகளின் ஒரு தொகுதி) முடியும்போதுதான் ஓடும். ஒருநாள் கோப்பு மாறியது, ரீலோட் செய்ய வேண்டும் என்று குறித்துக்கொண்டது, அதற்குள் நடுவில் வேறு ஒரு டாஸ்க் தவறியது. பிளே அங்கேயே நின்றது, ஹேண்ட்லர் ஓடவில்லை. தவறிய டாஸ்க்கைச் சரிசெய்து மறுபடி ஓட்டினேன். கோப்பு ஏற்கெனவே மாறிவிட்டதால் இந்த முறை 'ஓகே'. மாற்றம் இல்லாததால் ஹேண்ட்லருக்கு வேலையும் இல்லை. எல்லாம் பச்சை. கோப்பில் புது அமைப்பு, ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸில் பழைய அமைப்பு. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். டாஸ்க் தவறினாலும் ஹேண்ட்லரை ஓட்டு என்று கட்டாயப்படுத்தும் ஆப்ஷன் இருக்கிறது. இப்போது எங்கள் அமைப்புக் கோப்பில் அது நிரந்தரமாக இருக்கிறது. அது ஆரம்பத்திலிருந்தே அப்படி இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது யாமல். பிளேபுக் எழுதும் மொழி அது. படிக்க எளிது, எழுதும்போது ஒரு ஸ்பேஸ் தள்ளிப்போனாலும் கோபித்துக்கொள்ளும். அதைவிட மோசம், கோபித்துக்கொள்ளாமல் தவறாகப் புரிந்துகொள்வது. மென்பொருளின் ரகசிய அமைப்புகள் இருக்கும் கோப்புக்கு, யார் படிக்கலாம், எழுதலாம் என்று சொல்லும் அனுமதி எண்ணை 640 என்று வைக்க வேண்டிய இடத்தில், தம்பி 644 என்று எழுதினான். அதாவது, முன்னால் பூஜ்யமும் இல்லை, மேற்கோள் குறியும் இல்லை. 640-க்குப் பதில் 644 என்பதை நான் கவனித்துத் திருத்தச் சொல்லியிருப்பேன். ஆனால் அதற்கு முன்பே டெஸ்ட் சர்வரில் மென்பொருள் எழுந்திருக்க மறுத்தது. தன் சொந்தக் கோப்பையே படிக்க அனுமதி இல்லை என்றது. போய்ப் பார்த்தால் கோப்பின் அனுமதி 1204. வெறும் 644 என்பதை ஆன்சிபிள் சாதாரண தசம எண்ணாக எடுத்துக்கொள்கிறது. அனுமதி எண்கள் எட்டை அடிப்படையாகக் கொண்டவை. தசமத்தில் 644 என்பது அந்த முறையில் 1204. அப்படியென்றால் உரிமையாளர் எழுதலாம், படிக்க முடியாது. சம்பந்தமில்லாத மற்றவர்கள் படிக்கலாம். ரகசியக் கோப்புக்கு இதைவிடத் தலைகீழான அனுமதி இருக்க முடியாது. அனுமதி எண்ணை எப்போதும் மேற்கோள் குறிக்குள், முன்னால் பூஜ்யத்தோடு எழுதுங்கள். ஆவணத்திலும் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆன்சிபிளுக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு பேக்கேஜை நிறுவும் டாஸ்க்கைப் பிளேபுக்கிலிருந்து நீக்கிவிட்டால், சர்வரிலிருந்து அந்தப் பேக்கேஜ் போய்விடாது. 'இருக்கக் கூடாது' என்று தனியாக எழுதி ஓட்டினால்தான் போகும். அதனால் வேலையை விட்டுப்போகிறவரின் பெயரைப் பயனர் பட்டியலிலிருந்து அழிக்காமல், 'இருக்கக் கூடாதவர்கள்' என்ற இன்னொரு பட்டியலுக்கு மாற்றுகிறோம். பாதுகாப்பு விஷயம் என்பதால் இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செக் ஆப்ஷனையும் முழுக்க நம்பக் கூடாது. புத்தம்புது சர்வரில் ஓட்டினால், பேக்கேஜ் நிறுவியதாகப் பாவனை மட்டும் செய்துவிட்டு, அடுத்த டாஸ்க்கில் அந்த சர்வீஸைத் தேடும். இல்லை என்று சிவப்பில் நிற்கும். ஏற்கெனவே ஓடும் சர்வருக்கு மட்டுமே அது பொருந்தும்.

வேகம் சுமார்தான். தானாக ஒரே நேரத்தில் ஐந்து சர்வரைத்தான் தொடும்; அதைப் பதினைந்தாக்கி, எஸ்எஸ்ஹெச் வேலையைக் குறைக்கும் பைப்லைனிங்கையும் போட்டபின் எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

பழைய சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். 2024-ல் வந்த ஆன்சிபிள்-கோர் 2.17-லிருந்து, எதிர்முனையில் பைத்தான் 3.6 இருந்தால் வேலை செய்யாது. உபுண்டு 18.04-ல் இயல்பாக இருப்பது அந்த 3.6-தான். ஒரு மில்லின் சொந்த அறையில் இன்னும் ஒரு 18.04 ஓடுகிறது. அதற்காகவே தனியாக 2.16-ஐ வைத்திருக்கிறேன்.

பாஸ்வேர்டுகளுக்கு ஆன்சிபிளோடு வரும் வால்ட்டைப் பயன்படுத்துகிறோம். ஏஇஎஸ் 256 என்ற குறியாக்க முறையில் பூட்டி, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளிலேயே மற்றவற்றோடு வைத்துக்கொள்ளலாம். நன்றாக இருக்கிறது. ஆனால் டிஃப் ஆப்ஷன் போட்டு ஓட்டினால், டெம்ப்ளேட்டுக்குள் போகும் பாஸ்வேர்டு திரையில் அப்படியே தெரியும். அந்த டாஸ்க்குகளில், விவரத்தைத் திரையில் காட்டாதே என்று சொல்லும் 'நோ லாக்' வரியை எழுதிவிட வேண்டும்.

செலவு என்று பார்த்தால், கருவி இலவசம். ரெட் ஹேட் தரும் கட்டணப் பதிப்பில் இணையத் திரை, யார் எதை ஓட்டலாம் என்ற அனுமதி, ஆதரவு எல்லாம் உண்டு. இரண்டு பேர் இருக்கும் எங்கள் குழுவுக்கு அது தேவைப்படவில்லை. எங்கள் செலவு முழுக்க நேரம்தான்: முதல் மூன்று மாதம் வழக்கமான வேலையில் பாதியை இதற்குக் கொடுத்தோம். நிர்வாகத்திடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஆவணங்களைப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு மாட்யூலுக்கும் உதாரணத்தோடு பக்கம் உண்டு. டெர்மினலிலேயே நெட் இல்லாமலும் படிக்கலாம். 2020-ல் வந்த 2.10-ல் மாட்யூல்களைத் தொகுப்பு தொகுப்பாகப் பிரித்துப் பெயரை நீளமாக்கினார்கள். அதற்கு முந்தைய பதில்களை இணையத்தில் பார்த்து எழுதினால் சில மாட்யூல் கிடைக்கவில்லை என்று சொல்லும். பயப்படாமல் ஆவணத்தில் முழுப் பெயரைப் பாருங்கள்.

மூன்று சர்வர் மட்டும்தான் இருக்கிறது, இது நமக்குத் தேவையா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இரண்டு சர்வர் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற நிலை வந்த அன்றே தேவை. எங்கள் 413-க்கு இரண்டு சர்வர் போதுமானதாக இருந்ததே. ஆரம்பிப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத முயலாமல், ஏற்கெனவே ஓடும் ஒரு கோப்பை டெம்ப்ளேட்டாக்கி, செக்கும் டிஃப்பும் போட்டு அந்த மஞ்சள் வரிகளைப் படித்துப் பாருங்கள். டெஸ்ட் சர்வருக்கும் நிஜ சர்வருக்கும் இன்வென்டரியை முதல் நாளே தனித்தனி ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். ஒரே கோப்பில் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஓட்டும்போது ஞாபகமாகக் கட்டுப்படுத்திக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். குறைத்த ஒன்று ஹேண்ட்லருக்காக.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, ஆப் சர்வர் ஒன்றின் டிஸ்க் கெட்டுப்போனது. நான் கல்யாணத்துக்காகப் பொள்ளாச்சியில் இருந்தேன். தம்பி போன் பண்ணினான், "புது மெஷின் வாங்கிட்டனுங்க அக்கா, இன்வென்டரில ஐபி மட்டும் மாத்தி ஓட்டட்டுங்களா?" என்றான். ஓட்டு என்றேன். பந்தியில் உட்கார்ந்து எழுந்து கை கழுவும் நேரத்தில் படம் ஒன்று அனுப்பியிருந்தான். புது சர்வருக்கு நேரே 'சேஞ்ச்டு' 61, 'ஃபெயில்டு' பூஜ்யம். அதற்குக் கீழே, இரண்டாவது முறை ஓட்டியதில், 'சேஞ்ச்டு' பூஜ்யம். இரண்டாவது முறை ஓட்டிப் பார்க்கச் சொல்லி நான் அவனிடம் சொல்லவில்லை.

டேட்டாபேஸ் சர்வர் மூன்றின் வெர்ஷன் மாற்றத்தை மட்டும் இன்னும் பிளேபுக்கில் எழுதவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலை, தவறினால் மில்களின் கணக்கு போய்விடும் என்பதால் ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்த்துக் கையால்தான் செய்கிறேன். பேக்கப்பை மீட்டுப் பார்க்கும் பகுதியை மட்டும் இந்த மாதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.